டாக்டர் சொன்னார், நான் சொல்லவில்லை

நான்கு வருடங்களுக்கு முன்னால் திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆரம்பித்த விஷயம் இது. என் கணவருக்கு டைல்ஸ் ஒட்டும் வேலை. நாள் முழுக்கக் குனிந்தும் குத்தவைத்தும் வேலை பார்த்ததில் முதுகுத்தண்டில் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்த ஆரம்பித்துவிட்டது. வலது காலில் தாங்க முடியாத வலி. ரெட்டியார்சத்திரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் நடப்பார். ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார்கள்.

நான் பேகம்பூர் பக்கம் ஒரு ஆன்லைன் சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். சான்றிதழ், பட்டா, பென்ஷன் என்று வருகிறவர்களுக்கெல்லாம் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதுதான் பிழைப்பு. படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற ஆள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பெரும்பாலும் நல்லபடியாக முடிந்துவிடும், ஆனால் சிலருக்கு நரம்பு பாதிக்கப்பட்டு பாதத்தைத் தூக்க முடியாமல் போகலாம் என்றார். உங்கள் வீட்டுக்காரரிடமும் விளக்கிவிடுகிறேன் என்று அவர் எழுந்தபோது நான்தான் தடுத்தேன். சொன்னால் அவர் ஓடிவிடுவார் என்றேன். பொய்யில்லை. முன்பு குடலிறக்க ஆபரேஷனுக்குச் சேர்த்தபோது, ஆஸ்பத்திரியில் கொடுத்த பச்சை அங்கியோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்து சேர்ந்த மனிதர் அவர். நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

நான் சொல்லவில்லை. நர்ஸ் ஆங்கிலத்தில் இருந்த ஒப்புதல் படிவத்தைக் கொண்டுவந்தபோது கணவர் என்னைப் பார்த்து, “என்ன போட்டிருக்கு?” என்று கேட்டார். “எல்லாருக்கும் குடுக்குறதுதாங்க, சும்மா போடுங்க” என்றேன். போட்டார்.

ஆபரேஷன் முடிந்து வலி போய்விட்டது. ஆனால் வலது பாதம் தொங்கிவிட்டது. செருப்புகூட காலில் நிற்கவில்லை. குத்தவைத்து எழுந்திருக்க முடியாத டைல்ஸ்காரரை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்? “இப்படி ஆகும்னு யாராச்சும் சொன்னாகளா?” என்று ஒருநாள் கேட்டார். யாரும் சொல்லவில்லை என்றேன். அந்த நேரத்துக்குத் தப்பித்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

அந்த ஒரு வார்த்தை எங்களை வக்கீல் வரைக்கும் கொண்டுபோய் விட்டது. மனைவியிடமாவது சொன்னார்களா என்று வக்கீல் கேட்டபோது, பக்கத்தில் கணவர் உட்கார்ந்திருந்தார். இல்லை என்று தலையாட்டினேன். “எனக்கோ என் மனைவிக்கோ எந்த ஆபத்தும் விளக்கப்படவில்லை” என்று நுகர்வோர் நீதிமன்றத்துக்கான மனுவில் கணவர் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டார். என் பொய்க்கு அவர் சத்தியம் செய்தார். அதைத் தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில மாதங்கள் கழித்து மருத்துவமனை பதில் தாக்கல் செய்தது. கோர்ட் வராந்தாவில் வக்கீல் அந்தக் காகிதக் கட்டிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். டாக்டர் கைப்பட எழுதிய குறிப்பு. தேதி, நேரம், நான் கேட்டுக்கொண்டது எல்லாம் இருந்தது. கணவர் தடியை ஊன்றி என் பக்கம் சாய்ந்து, என்ன எழுதியிருக்கிறது என்றார். அப்போதும் ஒரு பொய் வாய் வரைக்கும் வந்தது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் வக்கீல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல்தான் முழுதையும் தமிழில் வாசித்தேன்.

வக்கீலுக்கு அவ்வளவு கவலையில்லை. நோயாளி சுயநினைவோடு இருக்கும்போது அவரிடம்தான் டாக்டர் சொல்லியிருக்க வேண்டும், மனைவியிடம் சொன்னது போதாது, மனுவைத் திருத்திக்கொண்டு வழக்கை நடத்தலாம் என்றார். கணவர் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “டாக்டரு சொல்லலைன்னு அவரு மேல கேசு போட்டாச்சு சார். இவளும்தான சொல்லல. இவ மேல எங்கிட்டுப் போயி போடுறது?” என்றார். வக்கீல் சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போய்விடலாம் போலிருந்தது.

பஸ்ஸில் வரும்போது அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். நீங்கள் பயந்து ஓடிவிடுவீர்கள் என்றுதான் அப்படிச் செய்தேன் என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

“ஓடித்தான் போயிருப்பேன். ரெண்டு நா கழிச்சு வலி பொறுக்க மாட்டாம நானே திரும்பி வந்திருப்பேன். காலு இப்படித்தான் ஆயிருக்கும், வேற என்ன. ஆனா நானா வந்து படுத்ததா இருக்கும்ல.”



மனுவைத் திருத்திக் கொடுத்தோம். நான் சொன்னது பொய் என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வழக்கு இன்னும் நடக்கிறது. அவர் இப்போது ஒரு டைல்ஸ் கடையில் உட்கார்ந்து அளவு கணக்குப் பார்த்துக் கொடுக்கிறார். என்னிடம் பழையபடிதான் பேசுகிறார், சிரிக்கிறார், குழம்பில் உப்பு இல்லை என்று குறை சொல்கிறார். செக்கப்புக்கும் சேர்ந்துதான் போகிறோம். ஆனால் டாக்டர் அறை வாசல் வந்ததும், “நீ இங்கன இரு” என்று சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே போய்விடுகிறார். கோபமாகக்கூடச் சொல்வதில்லை. மூடிய கதவுக்கு வெளியே பெஞ்சில் காத்திருக்கும் அந்தப் பத்து நிமிடமும், அவருடைய உடம்புக்கு அவரைக் கேட்காமலே நான் சம்மதம் கொடுத்ததை நினைத்து, இன்றைக்கும் வெட்கத்தில் தலை குனிந்துதான் உட்கார்ந்திருக்கிறேன்.