ஓனரம்மா வெட்டிய முருங்கை

கம்பளிப்பூச்சி கழுத்தில் ஊர்ந்துபோன இடம் முதலில் சும்மா இருக்கும். அப்புறம் மெல்லச் சுணைக்கும். தெரியாத்தனமாகச் சொறிந்துவிட்டோமோ, போச்சு, முதுகு முழுக்கத் தடித்துக்கொண்டு இரண்டு நாளைக்குச் சட்டை போட முடியாது. மழைக்காலம் என்றதும் பிறருக்கு மண்வாசனை நினைவுக்கு வருமாம். எனக்கு இந்த அரிப்புதான் வருகிறது; அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். ரோஜாவும் மல்லிகையும் வேண்டுகிறவர்கள் வேறு கட்டுரை பார்த்துக்கொள்ளலாம்.

மைசூரில், ஹெப்பாள் பக்கத்தில், ஒரு பெரிய வீட்டின் பின்னால் இருந்த 'அவுட்ஹவுஸில்' நாங்கள் குடியிருந்தோம். முன்வீட்டில் ஓனரம்மா. அப்பாவுக்கு ஒரு தொழிற்சாலையில் வேலை. காலையில் கம்பெனி பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார். அம்மா, எல்லையோரத்துக் கௌதள்ளி என்ற ஊர்க்காரி. கல்யாணமாகி வந்தபோது பிறந்த வீட்டு முருங்கையிலிருந்து ஒரு கொம்பை வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்து, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நட்டாளாம். எனக்குப் பத்து வயதானபோது அந்த மரத்துக்குப் பதினொன்று.

முன்பக்கத்துத் தோட்டம் ஓனரம்மாவுடையது. வர்ணம் அடித்த தொட்டிகளில் குரோட்டன்ஸும் ரோஜாவும் வரிசை பிசகாமல் நிற்கும். அங்கே ஒரு குருவி வந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எங்கள் பக்கம் துணி அலசிய தண்ணீரைக் குடித்து வளர்ந்த ஒற்றை முருங்கைதான், ஆனால் வரத்துப்போக்குக்குக் குறைவில்லை. பூவெடுத்தால் தேன்சிட்டு, காய் விட்டால் அணில், மழை பிடித்தால் அடிமரம் தெரியாமல் அப்பிக்கொள்ளும் கம்பளிப்பூச்சி, அந்தப் பூச்சியைத் தேடிக்கொண்டு செம்போத்து. செங்கல் நிறச் சிறகும் ரத்தச் சிவப்புக் கண்ணுமாக, அண்டங்காக்கை அளவுக்கு இருக்கும் அதற்குப் பறப்பதென்றால் சோம்பல். மதில்மேல் நடந்தே வந்து, ஒவ்வொரு பூச்சியாகக் கொத்தி, கல்லில் தேய்த்துத் தேய்த்து விழுங்கும். அதைப் பார்த்துக்கொண்டு நின்று நான் பள்ளிக்குத் தாமதமாகப் போய் வாங்கிய அடிகள் அநேகம். ஒன்றுக்கும் வருத்தமில்லை.

எல்லா வீட்டிலும் செய்வதுபோல எண்ணெய்த் துணியைக் கழியில் சுற்றிப் பூச்சியைக் கொளுத்தச் சொன்னார் அப்பா. அம்மா ஒப்பவில்லை. "அந்தப் பறவைக்கு அது சோறுங்க. திங்கற சோத்துலயா தீ வெக்கறது?" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். எனக்கு உடம்பு தடித்தால் அதே மரத்தின் இலையைக் கசக்கிச் சாறு தேய்த்துவிடுவாள்.

ஓனரம்மாவுக்கும் அம்மாவுக்கும் ஏதோ ஒரு கோடையில் தண்ணீர்க்குழாய்த் தகராறில் பேச்சு நின்றுபோயிருந்தது. அம்மாவுக்குக் கன்னடம் தண்ணீர்பட்ட பாடு, ஓனரம்மாவுக்குத் தமிழ் நன்றாகவே புரியும். ஆனாலும் இருவரும் எல்லாவற்றையும் என் வழியாகத்தான் சொல்லிக்கொண்டார்கள். 'அம்மாகிட்ட சொல்லு', 'ஓனரம்மாகிட்ட சொல்லு' என்று இரண்டு பக்கமும் ஓடி ஓடி என் கால் தேய்ந்தது. மழை வந்தால் ஓனரம்மா மரத்தைக் குறை சொல்லுவார், பூச்சி போனதும் மறந்துவிடுவார், அடுத்த மழைக்கு வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறும்.

அந்த ஆண்டு கௌரிப் பண்டிகைக்காகப் பெட்டியிலிருந்து எடுத்து ஆறப்போட்டிருந்த அவருடைய பட்டுப்புடவையில் இரண்டு பூச்சிகள் ஏறிவிட்டன. பள்ளிவிட்டு வந்த என்னைக் கேட்டிலேயே நிறுத்தி, "ஹப்பத ஒளகே மர கடிஸி, இல்லா மனெ காலி மாடி அந்தா நிம்மம்மங்கே ஹேளு" என்றார். பண்டிகைக்குள் மரத்தை வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

இதைச் சொன்னால் அப்பா அன்றைக்கே அரிவாளை எடுத்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். மரம் போனால் பூச்சி வராது. பூச்சி வராவிட்டால் செம்போத்து வராது. அம்மாவிடம் போய், "பூச்சி ஜாஸ்தியா இருக்குதாம்" என்று மட்டும் சொன்னேன். திரும்பி வந்து ஓனரம்மாவிடம், "பண்டிகைக்குள்ள வெட்டிடறாங்களாம்" என்றேன். இரண்டு வீட்டையும் ஏமாற்றிவிட்டு அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

பண்டிகைக்கு முந்தின நாள், அம்மா மார்க்கெட்டுக்கும் நான் பள்ளிக்கும் போயிருந்த நேரத்தில், ஓனரம்மா ஆள் வைத்து மரத்தை வெட்டிவிட்டார். நான் வந்தபோது என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு மொட்டை மரம் நின்றது. கிளைகளெல்லாம் தெருவில் கிடந்தன. அம்மா மார்க்கெட் பையைக் கீழே வைக்காமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

'முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும், பிள்ளையை அடிச்சு வளர்க்கணும்' என்பார்கள். முதல் பாதியை ஓனரம்மா செய்திருந்தார். இரண்டாம் பாதியை அம்மா என் முதுகில், அதுவும் தடித்திருந்த இடமாகப் பார்த்து, நிறைவேற்றினாள். பிறகு பையை வைத்துவிட்டு, "அழுவாத அம்மிணி. நான் தையிலயே ஒடிச்சுருக்கோணும், சோம்பேறித்தனமா உட்டுட்டேன். அவுங்க செஞ்சு குடுத்துட்டாங்க" என்றாள்.

பால்காரர் வீட்டில் சாணி வாங்கிவரச் சொல்லி, வெட்டுவாயில் அப்பி, மழைத்தண்ணீர் இறங்காமல் சாக்கு கட்டினாள். தெருவில் கிடந்த கிளைகளை உள்ளே இழுத்து, ஆள் கை நீளத்துக்கு நறுக்கினாள். மறுநாள் கௌரிப் பண்டிகை. தெருவே வீடு வீடாக மங்கலப் பொருள்கள் வைத்த 'பாகின' முறங்களைக் கொடுத்து வாங்கிக்கொண்டிருக்க, அம்மா தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு, கொம்புகளை என் தோளில் ஏற்றி, ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினாள். பண்டிகை நாளில் வாசலுக்கு வந்ததை யார் வேண்டாமென்பார்கள்? சாம்பாருக்கு நுக்கேகாயை, அதாவது முருங்கைக்காயை, விட்டால் உண்டா என்று சிரித்தபடி வாங்கிக்கொண்டார்கள். கடைசிக் கொம்பை அம்மா தன் கையாலேயே ஓனரம்மாவிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கி, நாங்கள் திரும்பியதும் மதிலோரம் வீசினார். ஈர மண்ணில் விழுந்த அது, விழுந்த இடத்திலேயே துளிர்த்தது.

அடுத்த ஆண்டு மழைக்குத் தெரு முழுக்க முருங்கை, தெரு முழுக்கக் கம்பளிப்பூச்சி. மதில்மேல் இப்போது இரண்டு செம்போத்துகள் நடந்தன. ஓனரம்மா யாரைத்தான் காலி செய்யச் சொல்லுவார்?

அந்த வீடு இப்போது இல்லை. அவுட்ஹவுஸ் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். தெருவின் முருங்கைகளும் ஒன்றொன்றாகப் போய்விட்டன. கடைசியாக அந்தப் பக்கம் போனபோது ஒரு மணிநேரம் நின்றும் செம்போத்தின் 'ஊப் ஊப்' காதில் விழவில்லை. இதற்காக நான் பெருமூச்சு விடுவதாக இல்லை. நானும் அம்மாவும் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்மதிலோரம் ஒரு முருங்கை நிற்கிறது. இந்த மழைக்கு அதில் பூச்சி வந்துவிட்டது. பின்னாலேயே செம்போத்தும் வராமலா போகும்?

போன வாரம் குடியிருப்போர் சங்கத்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. பூச்சித் தொல்லை காரணமாக மரம் அகற்றப்படும், ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறார். நான் இந்தத் தடவை ஒரு வார்த்தை விடாமல் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்குக் காது சற்று மந்தம். இரண்டு தடவை படித்தேன்.

"இப்ப என்ன மாசம்?" என்றாள்.

"ஆவணி. கௌரிப் பண்டிகை வரப்போகுது."

"வெட்டட்டும். வேரைத் தோண்டாமப் பாத்துக்கோ, கொம்ப லாரில ஏத்த உடாத." கூடவே, "இங்க மொத்தம் எத்தன வீடு?" என்றாள்.

"நாப்பத்தெட்டு" என்றேன். இருவருமாகச் சாணிக்கு யாரைக் கேட்கலாம் என்று பேச ஆரம்பித்தோம்.