சலவை அறையில் திறந்த முடிவெட்டுக் கடை

காட்ஸ்டன் கல்லூரிக்குக் கோர்டெஸ் நானூற்றுப் பன்னிரண்டு டாலர் பாக்கி வைத்திருந்தான். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் கட்டாவிட்டால் நான்காம் ஆண்டுக்குப் பெயர் பதிய முடியாது. அவன் வகுப்பில் நம் கறுப்பின ஆள் அவன் ஒருவன்தான்.

அயோவாவின் இந்த ஊரில் நம் சுருட்டைத் தலைமுடியைத் தொடத் தெரிந்தவனும் நான் ஒருவன்தான். ஆறாம் வகுப்போடு மிசிசிப்பியை விட்டு வந்தேன். இன்று மூன்று நாற்காலி போட்ட முடிவெட்டுக் கடை, சொந்தக் கட்டடம். ஒரு வங்கிக்காரனிடமும் கை கட்டி நிற்கவில்லை.

கோர்டெஸ் நாற்காலியில் உட்கார்ந்தாலே புலம்பல்தான்.

"லைப்ரரிக்குள்ள நாலு வெள்ளப் பசங்களோட போறேன் பெரியவரே. வாட்ச்மேன் என்னை மட்டும் ஐடி கார்டு காட்டுங்கறான். வாசல்ல காலேஜ் விளம்பரப் போஸ்டர்ல சிரிக்கறதே என் மூஞ்சிதான்!"

"அந்தப் போஸ்டரக் கிழிச்சு கார்டு மாதிரி நீட்டுடா."

பாக்கியை நானே தருகிறேன் என்றேன். "சும்மா வாங்கினேன்னு எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா தோல உரிச்சிடுவா" என்று மறுத்துவிட்டான்.

அந்த வாரம் திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் என் நாற்காலிகள் காலி. விசாரித்தால், விடுதிச் சலவை அறையில் கோர்டெஸ் முடி வெட்டுகிறானாம். தலைக்குப் பத்து டாலர். என் கடையில் இருபது! புதன்கிழமை கடையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

விடுதி வாசலில் காவலாளி மறித்தான். "யாரப் பாக்கணும்? என்ன வேலை?"

"முடி வெட்டிக்கணும்."

என் வழுக்கையைப் பார்த்துக்கொண்டே நோட்டில் எழுதினான், மூடன்.

கீழே துணி துவைக்கும் இயந்திரங்கள் மேலெல்லாம் நம் பையன்கள், ஏறக்குறைய இருபது பேர். கத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கல்லூரியில் எங்கேயும் அவர்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு பையனின் நெற்றி முடியோரத்தில் கோர்டெஸ் வெட்டியிருந்த கோடு, குடிகாரன் நடந்த பாதை.

"என் பொழப்புல மண்ணப் போட்டே, போகட்டும். இந்தத் தலைய நான் வெட்டினேன்னுல்ல ஊர்ல நெனப்பானுங்க! தள்ளுடா."

முடிவெட்டும் மெஷினை அவன் கையிலிருந்து பிடுங்கினேன். வியாழன் இரவு வரை நின்றுகொண்டே வெட்டினேன். ஒரு கோடு கோணவில்லை. காசெல்லாம் அவன் டப்பாவுக்கு.

"இது கடன்தான் பெரியவரே. கோடை லீவுல உங்க கடையில வேலை செஞ்சு கழிச்சிடறேன்" என்றான்.

"கூட்டற வேலை மட்டும். மெஷினைத் தொட்டே, கைய ஒடிப்பேன்."

வெள்ளி, மூன்றே முக்கால். பணம் கட்டும் ஜன்னலில் எங்களுக்கு முன்னால் நின்ற வெள்ளைக்காரப் பெண்ணின் கையிலேயே மீதிச் சில்லறையைக் கொடுத்தாள் உள்ளே இருந்தவள். எங்களை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"பணத்த அங்க கவுன்டர் மேல வெச்சிடுங்க."

கோர்டெஸின் கை நின்றது. பணத்தைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு திரும்பினான். "போதும் பெரியவரே. மூணு வருஷமா இதேதான். ஊருக்கே போயிடறேன்."

கதவு வரை போனான். நின்றான். கடிகாரத்தைப் பார்த்தான். திரும்பி வந்தான்.

"அந்தப் பொண்ணு கையில குடுத்தீங்கல்ல? என் காசையும் கையில வாங்குங்க."

பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். அவன் அசையவில்லை. அவள் முகம் சிவந்து கையை நீட்டினாள்.

"பத்து, இருபது, முப்பது" என்று வாய்விட்டு எண்ணி, ஒவ்வொரு நோட்டாக, நானூற்றுப் பன்னிரண்டையும் அந்த உள்ளங்கையில் வைத்தான்.