செத்த ஆற்றை நான் கீறவில்லை

எனக்கு ஓரிடத்தில் இருக்கத் தெரியாது. ஹம்பேர்க்குக்கு வந்து முப்பது வருசத்துக்கு மேலே. அதில் பாதி நின்றபடி, மீதி நடந்தபடி. முதியோர் இல்லம் ஒன்றின் குசினியில் சமையல் வேலை. விடியப் போனால் இரண்டு மணிக்கு முடியும். அதற்குப் பிறகு வீட்டுக்குள் கிடக்க ஏலாது. எஸ்-பான் ரயிலில் ஏறி, நினைத்த இடத்தில் இறங்கி நடப்பேன்.

அந்த வருசம் வழக்கத்தை விடக் கூட நடந்தேன். ஒரு ஊர்தான் காரணம். நான் ஒருநாளும் காணாத ஊர். பிலிப்பைன்ஸில், மலைக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு சின்ன நகராட்சி. பெயரை இங்கே எழுதவில்லை. அவள் வேண்டாம் என்றாள்.

அவள், நான் வேலை செய்கிற இல்லத்திலேயே வயதான ஆட்களைப் பராமரிக்கிறவள். அந்த ஊர்க்காரி. என் முதல் மனிசி போய்ச் சேர்ந்து கன காலத்துக்குப் பிறகு பழகினோம். நாங்கள் இரண்டு பேரும் டொச்சில், ஜேர்மன் மொழியில்தான் கதைப்போம். அவளுடையது நல்ல டொச். என்னுடையது குசினி டொச். இங்கே எழுதுவது அதை என் தமிழில் போட்டுத்தான்.

கலியாணம் வேணும் என்று கேட்டது நான். அவளுக்கு ஒரு சத்திரசிகிச்சை நடந்தது. கதவடியில் ஒரு தாதி, “நீங்கள் அவவுக்கு என்ன முறை?” என்று கேட்டாள். “ஒண்டாய் வேலை செய்யிறம்” என்றேன். வெளியில் இருக்கச் சொன்னார்கள். அது சட்டம், அவர்களில் பிழை இல்லை. அஞ்சு மணித்தியாலம் அந்த நடையில் மேலும் கீழும் நடந்தேன். அவள் கண் முழித்துப் பத்தாம் நாள் கேட்டேன். “ஓம்” என்றாள். என்னிடம் பழகிய தமிழ் ஓம்.

கலியாணப் பதிவுக் கந்தோருக்கு அவளுடைய கடதாசிகள் எல்லாம் ஊரிலிருந்து வரவேணும். வந்தது. மொழிபெயர்த்தோம். முத்திரை குத்தினோம். அதில் ஒரு கடதாசி ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். எல்லாம் கையில் சேர நாலு மாதம் போய்விட்டது.

அவள் சொன்னாள்: “இந்தமுறை சரிவராட்டி விடுவம். இன்னொருக்கா அலைய என்னால ஏலாது. இப்பிடியே இருப்பம்.”

எனக்கு இப்பிடியே இருக்க ஏலாது. அந்தக் கதவடியில் நின்றது நான்தானே.

கந்தோரில் இருந்தது கண்ணாடி போட்ட ஒரு பெண். மரியாதையான ஆள். பிறப்புப் பத்திரத்தையும் பாஸ்போட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பத்திரத்தில் பிறந்த இடம் ஒரு நகராட்சி. பாஸ்போட்டில் வேறொரு நகராட்சி.

“ஒரு ஆள் ரெண்டு இடத்திலை பிறக்கேலாதே.”

“நான் ஒரு இடத்திலைதான் பிறந்தன்,” என்று அவள் சொன்னாள். “அந்த இடத்துக்குத்தான் ரெண்டு பேர்.”

கண்ணாடிக்காரி விளக்கம் எழுதித் தரச் சொன்னாள். ஒரு வரைபடமும் இருந்தால் நல்லது என்றாள். அந்த ஊர்க் கந்தோரில் இருந்து ஒரு உறுதிக் கடிதமும் வேணும்.

அன்று பின்னேரம் அவள் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கடதாசியை விரித்தாள். பென்சில் எடுத்தாள். நான் பக்கத்தில் நின்றேன்.

“முதல்ல வடக்கைப் போடு,” என்றேன்.

“வடக்கு எதுக்கு?”

“வடக்கு இல்லாமல் எப்பிடி ஒரு ஊர்?”

“எங்களுக்கு மலைப்பக்கம் இருக்கு. கடல்பக்கம் இருக்கு. சந்தைக்குப் போறவன் கடல்பக்கம் போறான். தேங்காய்க்குப் போறவன் மலைப்பக்கம் போறான். வடக்குக்கு ஒருத்தரும் போறேல்லை.”

எங்கள் ஊரில் வீட்டுக்குள்ளேயே வடக்கு அறை, கிழக்கு வாசல் என்றுதான் கதை. சரி, விட்டேன். அவள் மலையை மேலே கீறினாள். கடலைக் கீழே கீறினாள். நடுவால் ஒரு ஆறு.

ஆறு கடலில் விழுகிற இடத்தில் ஒரு சதுரம். அதுதான் சதுக்கம். ஒரு பக்கம் கோயில், அதாவது தேவாலயம். எதிர்ப்பக்கம் நகராட்சிக் கந்தோர். மற்றப் பக்கம் சந்தை. நாலாவது பக்கம் பள்ளிக்கூடம். அவளுடைய நாட்டில் கன ஊர்கள் இந்த ஒரே அச்சுத்தானாம்.

“ஆர் இப்பிடி அமைச்சது?”

“ஸ்பானியப் பாதிரியார். முந்திச் சனம் ஆத்தங்கரை நெடுக, அங்கொண்டு இங்கொண்டாய் இருந்தது. பாதிரியார் மணியைக் கட்டினார். மணிச்சத்தம் கேக்கிற தூரத்துக்குள்ள எல்லாரும் குடிவரவேணும் எண்டார். வந்தவன் ஊர்க்காரன். வராதவன் மலைக்காரன்.”

“கேளாத காது உள்ளவன்?”

“அவன் எங்கட மாமா,” என்று சிரித்தாள்.

கடலால் கொள்ளைக்காரர் வந்த காலத்தில் கரையில் கல்லால் ஒரு காவல் கோபுரம் கட்டினார்களாம். அதில் இப்போது ஆடு ஏறி நிற்கும். அமெரிக்கன் வந்து பள்ளிக்கூடம் கட்டினான். யப்பான்காரன் வந்தபோது சனம் ஆற்றோடு மேலே ஓடி, தென்னைக்குள் ஒளித்தது. ஓடின ஆட்களில் கொஞ்சம் திரும்பி வரவில்லை. அங்கேயே நெல்லுப் போட்டார்கள். அப்படித்தான் மேல் கிராமங்கள் பெருத்தன. அவளுடைய கிராமம் இரண்டுக்கும் நடுவில், ஆற்றின் வலது கரையில். கடலைப் பார்த்து நின்றால் வலது.

பிறகு அவள் பென்சிலால் இன்னொரு கோடு கீறினாள். முதல் ஆற்றிலிருந்து பிரிந்து, அவளுடைய கிராமத்தை மற்றப் பக்கத்தால் சுற்றி, கீழே வந்து பழையபடி சேர்ந்தது.

“இது என்ன?”

“இதுதான் இப்ப ஆறு. அது செத்த ஆறு.”

அவளுக்கு ஏழு வயதில் ஒரு புயல். கல்லுச் சுவர் என்றபடியால் எல்லாரும் தேவாலயத்துக்குள் போய் இருந்தார்களாம். மூன்றாம் நாள் வீட்டுக்குத் திரும்பினார்கள். கூரை இல்லை. அதை ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை, கூரை போவது அங்கே வழக்கம். ஆனால் வீட்டுக்கு முன்னால் இருந்த ஆறு வீட்டுக்குப் பின்னால் ஓடியது. முன்னால் வெறும் மணலும் சேறும்.

“அம்மா உடுப்புத் தோய்க்க வாளியோட முன்பக்கம் போனவ. கொஞ்சம் நிண்டு பாத்தா. பிறகு திரும்பிப் பின்பக்கம் போனா.”

கொஞ்ச வருசத்தில் மேல் கிராமங்கள் தங்களுக்கு ஒரு நகராட்சி கேட்டன. வாக்கெடுப்பு வைத்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், இடது கரை எல்லாம் புது நகராட்சி என்று முடிவு. ஆறு ஏற்கெனவே இடம் மாறிவிட்டது. அவளுடைய கிராமம் இருந்த இடத்திலேயே இருந்து, வேறு நகராட்சிக்குள் போய்விட்டது. பாஸ்போட் எழுதினவர் புதுப் பெயரைப் போட்டுவிட்டார். அவ்வளவுதான் விசயம்.

அவள் இரவு வேலைக்குப் போனாள். “ஊர்க் கடிதம் வரட்டும். எல்லாத்தையும் ஒண்டாய் அனுப்புவம்,” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

நான் ஒண்டாய் அனுப்பும் வரைக்கும் இருக்கிற ஆள் இல்லை.

அடுத்தநாள் அந்தப் பென்சில் படத்தைப் பார்த்தேன். அழித்து அழித்துக் கறுத்துப் போயிருந்தது. கந்தோருக்கு இப்படிக் கொடுக்கலாமோ? வெள்ளைக் கடதாசி எடுத்தேன். நீலப் பேனை எடுத்தேன். அடிமட்டம் வைத்துச் சதுக்கத்தைக் கீறினேன். வடக்கையும் போட்டேன். மலையும் கடலும் எந்தப் பக்கம் என்று போனில் உள்ள வரைபடத்தில் பார்த்து, அம்புக்குறியோடு போட்டேன். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அது நல்ல படம்.

ஆற்றில் வந்து நின்றேன். இரண்டு கோடு. ஒன்று ஓடுவது. ஒன்று ஓடாதது. நான் வந்த ஊரில் ஆறு என்று சொல்ல ஒன்றும் இல்லை. கிணறு இருக்கு, குளம் இருக்கு, கடல் இருக்கு. வழுக்கியாறு மழைக்கு ஓடும், பிறகு காயும், மாடு மேயும். ஆனால் இருக்கிற இடத்தை விட்டு அசையாது. தண்ணி இல்லாத கோட்டை எதற்குக் கீறவேணும், பார்க்கிறவள் குழம்புவாள் என்று நினைத்தேன். ஓடுகிற ஆற்றை மட்டும் கீறினேன். அவள் எழுதி வைத்த விளக்கத்தையும் அதோடு மடித்து உறையில் போட்டேன். விளக்கத்தில் ஆறு இடம் மாறியது என்று ஒரே ஒரு வரி. நடந்துபோய் மஞ்சள் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, அப்படியே பெரிய ஸ்ரேசனடிக்கு நடந்தேன்.

அங்கே எங்கள் ஆள் ஒருவர் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். என்னை விட இளையவர்.

“என்ன அண்ணை, கலியாணம் எப்ப? பல்லு விழ முந்தியோ, விழுந்த பிறகோ?”

“கடதாசி போட்டிட்டன். ஊர்ப்படம் கீறிப் போட்டிட்டன்.”

“நீங்களோ? அண்ணை, நீங்கள் வெங்காயம் வாங்க வந்து உருளைக்கிழங்கோட போற ஆள். நீங்கள் கீறின ஊரிலை சனம் எங்கை போய்ச் சேருமோ?”

சிரித்தேன். கத்தரிக்காய் வாங்கினேன்.

பன்னிரண்டாம் நாள் பதிவுக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. நீங்கள் அனுப்பிய வரைபடத்தின்படி அந்தக் கிராமம் புது நகராட்சிப் பக்கம்தான் இருக்கிறது. அப்படியானால் பிறப்புப் பத்திரம் பிழையாகத் தெரிகிறது. திருத்திய பத்திரம் தேவை. அந்த நாட்டில் பிறப்புப் பத்திரம் திருத்த எவ்வளவு காலம் எடுக்கும் என்று அவளே எனக்கு முந்திச் சொல்லியிருக்கிறாள். வருசக் கணக்கு.

கடிதத்தை ஜக்கற் பைக்குள் இரண்டு நாள் வைத்திருந்தேன். துறைமுகம் வரை நடந்தேன். திரும்பினேன். குசினியில் சூப்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன். மூன்றாம் நாள் வேலை முடிய, பஸ் தரிப்பில் வைத்து அவளிடம் கொடுத்தேன். என் படத்தின் பிரதியும் உள்ளே இருந்தது.

நின்றபடி வாசித்தாள். படத்தைப் பார்த்தாள்.

“செத்த ஆறு எங்கை?”

“நான் கீறேல்லை.”

“ஏன்?”

“தண்ணி இல்லைத்தானே.”

பஸ் வந்தது. நாங்கள் ஏறவில்லை. அது போனது.

“அந்த ஆறு இல்லாட்டி நான் பொய்காரி,” என்றாள். ஏசியிருந்தால் நல்லாக இருந்திருக்கும்.

அந்த ஆறு மாதக் கடதாசிக்கு இருபத்தொரு நாள் மிச்சம். அவளுடைய ஒன்றுவிட்ட தம்பி ஊரில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறான். ஆட்களை ஏற்றி இறக்குகிற தொழில். அவனைப் போனில் பிடித்தாள். வீடியோவில் அவன் பின்னால் தோரணம் ஆடியது. மணி அடித்தது.

என்னைக் கண்டதும், “குயா!” என்று கத்தினான். குயா என்றால் அண்ணை. “திருவிழா குயா! கந்தோர் பூட்டு. மேயரே பன்றி வாட்டிக்கொண்டு நிக்கிறார்.”

“எப்ப திறக்கும்?”

“நித்திரை முறிஞ்ச பிறகு!”

ஒன்பது நாள் திருவிழா. நான் ஒன்பது நாளும் நடந்தேன். கால் பெருவிரலில் கொப்புளம். அவள் என்னோடு கதைத்தாள், ஆனால் கொஞ்சமாக. திங்கள் அவன் பழைய நகராட்சிக்குப் போனான். அவர்கள், அந்தக் கிராமம் இப்போது எங்களுடையது இல்லை, புதியதில் கேள் என்றார்கள். புதியதில் கேட்டான். அவள் பிறக்கும்போது நாங்களே இல்லை, பழையதில் கேள் என்றார்கள். இரண்டு கந்தோருக்கும் நடுவில் பதினைந்து கிலோமீற்றர், ஒரு பாலம். நாலு தரம் போய் வந்தான்.

ஐந்தாம் தரம் பழைய கந்தோரில் பதிவேடு பார்க்கிற அம்மா அவனை இருத்தி, ஆருக்கு, என்னத்துக்கு என்று கேட்டாவாம். அவவும் அந்தப் புயலுக்குத் தேவாலயத்துக்குள் இருந்தவ. பழைய பதிவேட்டை எடுத்து, கிராமம் அப்போது எந்தக் கரையில் இருந்தது, ஆறு எப்போது மாறியது, எந்தச் சட்டத்தால் பிரிந்தது என்று ஒரு பக்கம் ஆங்கிலத்தில் அடித்து, கையெழுத்து வைத்து முத்திரை குத்தினா. அதை விரைவுத் தபாலில் போட்டான். வந்து சேர, மொழிபெயர்க்க, நாலு நாள் மிச்சம்.

கந்தோரில் ஆளைச் சந்திக்க ஒரு டேர்மின் கிடைத்தது, காலை எட்டு மணிக்கு. கண்ணாடிக்காரி கடிதத்தை வாசித்தாள். பிறகு என் நீலப் படத்தைக் கோப்பிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

“ஆனால் இதிலை அப்பிடி இல்லையே.”

அவள் வாயைத் திறக்க முதல் நான் எழும்பினேன். “அது என்ரை பிழை. பேனையைத் தாங்கோ.”

தந்தாள். என் படத்தில், அவளுடைய கிராமத்துக்கு மற்றப் பக்கத்தால், புள்ளி புள்ளியாக இன்னொரு ஆற்றைக் கீறினேன். பக்கத்தில் எழுதினேன்: முந்தின ஆறு.

“அவ பிறக்கேக்கை தண்ணி இதாலை. இப்ப தண்ணி அதாலை. கிராமம் அசையேல்லை. எங்கடை ஊரிலை ஆறு இல்லை. ஆறு நடக்குமெண்டு எனக்குத் தெரியாது.”

கண்ணாடிக்காரி என்னைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். படத்தில் விரல் வைத்துக் கடிதத்தை இன்னொரு தரம் வாசித்தாள். எழும்பி உள் அறைக்குப் போனாள். நான் யன்னலுக்கும் கதவுக்கும் நடந்தேன்.

“இரு,” என்றாள் அவள்.

“ஏலாது.”

“நானும் இருக்கிறன். நீயும் இரு.”

இருந்தேன். கண்ணாடிக்காரி திரும்பி வந்து, “பிறந்தபோது இருந்த பேரைத்தான் பதிவிலை எழுதுவம். இப்பத்தைய பேரை அதுக்குப் பக்கத்திலை,” என்றாள். நாளை மறுநாள் ஒன்பது நாற்பதுக்கு ஒரு இடம் வெறுமையாக இருப்பதாகவும் சொன்னாள். ஆரோ வேண்டாம் என்று விட்ட இடம். எடுத்தோம்.

கலியாணத்தன்று சாட்சிக்குக் கடைக்காரர் வந்தார். கோட்டும் சூட்டும். “அண்ணை, பல்லு எல்லாம் இருக்கோ?” என்று காதுக்குள் கேட்டார். ஊரிலிருந்து ஒன்றுவிட்ட தம்பி போனில் நின்றான். கண்ணாடிக்காரி பதிவை உரத்து வாசித்தாள். அவளுடைய ஊர்ப் பெயரைப் பிழையாகச் சொன்னாள். அவள் திருத்தினாள். கண்ணாடிக்காரி திரும்பச் சொன்னாள். பிறகு இரண்டாவது பெயரையும் சொன்னாள். நான் பிறந்த ஊர்ப் பெயரையும் சொன்னாள். அதையும் பிழையாகத்தான் சொன்னாள். நான் விட்டுவிட்டேன்.

வெளியில் வந்தோம். தூறல். கடைக்காரர் கடை திறக்க ஓடினார். அவள் என் கையைப் பிடித்தாள். கடைக்காரரின் மனிசி புருசனைக் கூப்பிடக் கேட்டுப் பழகிய ஒரு சொல் அவளிடம் இருந்தது, அதைத் தமிழிலேயே சொன்னாள்.

“இஞ்சாருங்கோ.”

“என்ன?”

“இப்ப நடப்பம்,” என்று டொச்சில் முடித்தாள்.

துறைமுகத்து ஆற்றுப் பக்கம் போனோம்.