சத்தம் இல்லாமல் அப்பா பார்த்த படங்கள்

அப்பா தன்னை ஒரு சினிமாவுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னபோது நான் இங்கிலாந்திலிருந்து ஊருக்கு வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. இன்னும் தூக்கம் சரியாகவில்லை. அயனம்பாக்கம் ஃப்ளாட்டின் பால்கனியில், பட்டப்பகலில் கண் எரிய, ஆறிப்போன காபியோடு உட்கார்ந்திருந்தேன். அம்மா உள்ளே யாரோடோ போனில் ஜெபக் குறிப்புகளைப் பேசிக்கொண்டிருந்தாள். அப்பா துணி காயப்போட வந்தவர் மாதிரி வந்து, ஈர பனியனை உதறிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

"யம்மா, தியேட்டர்ல ஒரு படம் பாக்கணும்மா. நீ கீறப்பவே."

எழுபதைத் தாண்டிய என் அப்பா அதுவரை ஒரு தியேட்டர் வாசலைக்கூட மிதித்ததில்லை.

அவர் வில்லிவாக்கத்தில் பிறந்தவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் மெஷினில் டர்னராக இருந்து ரிட்டயர் ஆனவர். எங்கள் கிறிஸ்தவ சபை கட்டுப்பாடான சபை. நகை கிடையாது, டிவி கிடையாது, சினிமா கிடையவே கிடையாது. கம்பெனி கேன்டீனில் மற்றவர்கள் படக்கதை பேசும்போது டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார். அவருக்கும் சினிமாவுக்கும் அவ்வளவுதான் பழக்கம். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். நர்சிங் படித்தபோது ஹாஸ்டல் பெண்களோடு முதல் படம் பார்த்துவிட்டு வந்து, ராத்திரியெல்லாம் ஏதாவது நடக்கும் என்று பயந்து கிடந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. காலையில் இட்லிதான் போட்டார்கள்.

அப்பாவுக்கு இந்த ஆசை ஊரில் வந்ததில்லை. இங்கிலாந்தில் வந்தது.

மூன்று வருஷத்துக்கு முன் அவர் என்னோடு வந்து இருந்தார். அம்மாவுக்கு முட்டி வலி, அத்தனை நேரம் விமானத்தில் உட்கார முடியாது என்று அவள் வரவில்லை. நான் ஊருக்கு வந்து கூட்டிப்போக எனக்கு லீவு கிடைத்தது நவம்பரில். அதனால் அப்பா இங்கிலாந்தைப் பார்த்ததெல்லாம் குளிர்காலத்தில்தான். சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டு. எங்கள் தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். எல்லாக் கதவுகளும் சாத்தியே இருக்கும். எனக்கு அப்போது வார்டில் நைட் டியூட்டி. காலையில் வந்து அவருக்கு உப்புமாவோ தோசையோ செய்து கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்ப் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பேன். அதுவரை அவர் கீழே தனியாக.

முதலில் வேதம் வாசித்தார். பிறகு மங்க்கி கேப்பைப் போட்டுக்கொண்டு பக்கத்துப் பூங்காவுக்கு நடந்து போனார். அங்கே நாயோடு வருகிறவர்கள் ஹலோ சொல்வார்களாம். இவரும் ஹலோ சொல்வாராம். அதற்கு மேல் அவருக்கும் அவர்களுக்கும் பேச்சு இல்லை. ஒரு நாள் மழையில் வழி தவறி, எல்லா வீடும் ஒரே மாதிரி இருந்ததால் வேறு யார் வீட்டுக் கதவையோ சாவி போட்டுத் திறக்கப் பார்த்திருக்கிறார். அதிலிருந்து வெளியே போவதும் குறைந்துவிட்டது.

ஒரு மதியம் தண்ணீர் குடிக்க இறங்கி வந்தேன். அப்பா சோபாவில், கோட்டு போட்டபடியே, மேலே ஒரு போர்வையையும் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிவியில் ஒரு தமிழ்ப் படம் ஓடிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து ரிமோட்டைத் தேடினார். போர்வை காலில் சுற்றிக்கொண்டது.

"நியூஸ் இன்னா வருதுன்னு பாத்தேன்," என்றார்.

நான் தண்ணீரைக் குடித்துவிட்டு மேலே போய்விட்டேன். அடுத்த நாள் டிவியைத் திறந்தபோது, பாதியில் விட்ட படங்கள் வரிசையாக நின்றன. நான் பார்க்காத படங்கள். காதல் படம், பேய்ப் படம், அடிதடி, எல்லாம் கலந்து.

சத்தம் வைத்தால் நான் விழித்துக்கொள்வேன் என்று அவர் சத்தமே வைத்ததில்லை. கீழே ஆங்கிலத்தில் ஓடும் எழுத்தைப் படித்துப் பார்த்திருக்கிறார். அவருடைய ஆங்கிலம் கம்பெனியில் மெஷின் டிராயிங் ஷீட் பார்த்து வந்த ஆங்கிலம். ஒரு வரியை முடிப்பதற்குள் மூன்று வரி போய்விடும். அதனால் பெரும்பாலும் முகங்களைப் பார்த்து, பேச்சை அவராகவே போட்டுக்கொண்டார். இதெல்லாம் அவர் மெல்ல மெல்லச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் டியூட்டிக்குக் கிளம்பும் முன் இரண்டு பேரும் சோறு சாப்பிடும்போது, முதல் தடவையாகத் தயங்கித் தயங்கி ஒரு கதை சொன்னார்.

"அண்ணன்காரன் ஜெயில்லேர்ந்து வர்றான்மா. தம்பி பொண்டாட்டிக்கு அவன் வந்தது புடிக்கல. அதுக்கோசரம் இவன் ராவோட ராவா ஊட்ட உட்டுக் கெளம்பிடறான். தம்பி அவனத் தேடினு அலையறான். மழையில ஒரு கடைக்கிட்ட நின்னு அழுவான் பாரு, என்னால தாங்க முடியல."

அந்த வார லீவில் நான் அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்தேன். அவன் அண்ணனே இல்லை. கடத்தல் கும்பலுக்குள் வேஷம் போட்டு நுழைந்த போலீஸ்காரன். அவள் தம்பி மனைவி இல்லை, கும்பலின் தலைவி. மழையில் கடை வாசலில் அழுகிறவன் துப்பாக்கியைத் தொலைத்ததற்காக அழுகிறான். நான் அப்பாவிடம் அதைச் சொல்லவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் சொன்ன கதைகளைக் கேட்டேன். பாதி நாள் எனக்குக் கண் சொருகும். யூனிஃபார்மோடு தட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பேன். அவர் சொல்லிக்கொண்டே ரசம் ஊற்றுவார்.

மார்ச் மாதம் அவர் ஊருக்குத் திரும்பினார். அத்தோடு படமும் நின்றுபோனது. போனில் பார்த்தால் கண் வலிக்கிறது என்றார்.

இப்போது, மூன்று வருஷம் கழித்து, பால்கனியில் கேட்கிறார்.

அம்மா வெள்ளிக்கிழமைகளில் உபவாச ஜெபத்துக்குப் போனால் மதியத்துக்கு மேல்தான் வருவாள். அன்றைக்குக் காலைக் காட்சிக்குப் போவது என்று முடிவு செய்தோம். அம்பத்தூரில் பார்க்கலாம் என்றேன்.

"அம்பத்தூர் வேணாம்மா. சபையில பாதிப் பேரு அங்கதான் கீறாங்க."

அதனால் காட்டுப்பாக்கம் தாண்டிப் போரூர் பக்கம் ஒரு தியேட்டருக்குப் பதிவு செய்தேன். அப்பா ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். வண்டி வேலப்பன்சாவடியில் காலேஜ் பஸ்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நகரவே இல்லை. புழுதி, ஹாரன், வெயில். அந்த வாரம் முழுக்க எனக்கு இதே வேலைதான்: அம்மாவின் முட்டிக்கு டாக்டர், என் பல்லுக்கு டாக்டர், பேங்க், மறுபடியும் பேங்க். மூன்று வார லீவில் ஒரு நாளாவது சும்மா படுத்திருக்கலாம் என்று நினைத்துத்தான் ஒவ்வொரு தடவையும் விமானம் ஏறுகிறேன். அந்த ஒரு நாள் வந்ததே இல்லை.

வாசலில் என் பையைச் சோதித்து முறுக்கை வெளியே வைக்கச் சொன்னார்கள். உள்ளே பாதிக்கு மேல் நாற்காலிகள் காலி. விளக்கு அணைந்ததும் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. சாப்பாட்டுக்கு முன் ஜெபிப்பதைப் போலவே சுருக்கமாக முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தார்.

படம் ஆரம்பித்தது. முதல் சத்தத்துக்கே அவர் தோள் குலுங்கியது. ஒரு கார் பறந்து வந்து விழுந்தது. நாற்காலி அதிர்ந்தது. அப்பா என் காதருகே குனிந்தார்.

"சவுண்டக் கொஞ்சம் கொறைக்கச் சொல்ல முடியாதாம்மா?"

"முடியாதுப்பா. எல்லாருக்கும் ஒரே சவுண்டுதான்."

தலையாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு எனக்கு நினைவில்லை. அந்த இருட்டும் ஏசியும் சாய்ந்த நாற்காலியும் போதுமாக இருந்தன. ஊருக்கு வந்ததிலிருந்து வராத தூக்கம், அத்தனை வெட்டுக்கும் குத்துக்கும் நடுவே வந்துவிட்டது.

விழித்தபோது ஆட்கள் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். என் தலை அப்பாவின் தோளில் இருந்தது. அவர் இரண்டு காதிலும் கைக்குட்டையைக் கிழித்து அடைத்திருந்தார்.

"முடிஞ்சிருச்சாப்பா?"

"முடிஞ்சிச்சு."

"எப்படி இருந்துச்சு?"

காதிலிருந்து துணியை எடுத்துவிட்டு யோசித்தார். "கத்துறாங்கம்மா. எல்லாரும் கத்தினே கீறாங்க. ஒருத்தன்கூட நின்னு பேச மாட்டேன்றான்."

"அப்ப இன்டர்வெல்லயே என்னை எழுப்பியிருக்கலாமே?"

"நீ தூங்கினு இருந்த."

திரும்பி வரும்போது வண்டி காட்டுப்பாக்கம் சிக்னலில் நின்றபோது அப்பா கேட்டார்.

"ஏம்மா, அங்க நான் பாத்தேனே, அந்தப் படத்துலல்லாம்கூட இப்டித்தான் கத்தினு இருந்திருப்பாங்களா?"

பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. "ஆமாம்பா. பெரும்பாலும் இப்படித்தான்."

"ஓ," என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரிடமிருந்து ஏதோ ஒன்றைப் பறித்துக்கொண்ட மாதிரி இருந்தது. எனக்குக் கஷ்டமாக இருந்தது.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. முட்டி வலி தாங்காமல் அம்மா ஜெபத்திலிருந்து பாதியில் வந்துவிட்டிருந்தாள். காலில் தைலம் தேய்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"எங்க போயிட்டு வர்றீங்க?"

பேங்க் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா, "சினிமாக்கு," என்று சொல்லிவிட்டார்.

அம்மா தைல பாட்டிலை மூடினாள். அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சுவரைப் பிடித்து எழுந்து போய்ச் சோற்றை எடுத்து வைத்தாள். அன்றிலிருந்து அவரோடு பேசவில்லை. என்னோடு எப்போதும் போலப் பேசினாள். குழம்பு வேண்டுமா என்று அவரைக் கேட்கவேண்டியதையும் என்னிடமே கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்லும் நேரம் வந்தது. அந்த வாரம் கர்த்தர் செய்த நன்மைகளை எழுந்து சொல்லவேண்டும். அப்பா தவறாமல் எழுந்திருப்பவர். பாஸ்டர் வழக்கம் போல அவர் பக்கம் கை காட்டினார். அப்பா உட்கார்ந்தபடியே வேண்டாம் என்று தலையாட்டினார். பெண்கள் பக்கத்தில் என் அருகே இருந்த அம்மா அதைப் பார்த்தாள். பாட்டுப் புத்தகத்தைத் திறந்து, எந்தப் பாட்டும் தேடாமல், பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் பெட்டி கட்டும்போது அம்மா பக்கத்தில் வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். பருப்புப் பொடிப் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

"அங்க வந்திருந்தப்போ அவரு பகல்லெல்லாம் என்ன பண்ணினாரு?"

சொன்னேன். பூங்கா, மழை, வேறு வீட்டுக் கதவு, சத்தமில்லாத டிவி. எல்லாம் சொன்னேன்.

"பேச்சுத் துணைக்கு?"

"யாரும் இல்லம்மா. நான் தூங்கிட்டிருப்பேன்."

"தினமும் போன்ல நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னுதான் சொன்னாரு." ஒரு பாக்கெட்டைக் கையில் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தாள். "முட்டி வலின்னு நான் இங்கயே இருந்துட்டேன்."

நான் கையை நீட்டினேன்; அந்தப் பாக்கெட்டைக் கொடுத்தாள். பிறகு சொன்னாள்.

"அடுத்த தடவை நானும் வர்றேன். குளிர்ல வேணாம், வெயில் காலத்துல. ஆனா நான் இருக்கிற வரைக்கும் அந்த டிவியை ஒரு துணி போட்டு மூடி வை."

"சரிம்மா."

அவள் எழுந்து ஹாலுக்குப் போனாள். "சாப்பிட வாங்க," என்று அவரைக் கூப்பிடுவது கேட்டது. நாற்காலி நகர்ந்தது. தட்டு வைக்கும் சத்தம் வந்தது. நான் பெட்டியை மூடப் பார்த்தேன், மூட முடியவில்லை. இரண்டு பொடிப் பாக்கெட்டுகளை எடுத்து வெளியே வைத்தேன்.

இங்கிலாந்துக்குத் திரும்பியதும் மறுபடியும் நைட் டியூட்டிதான். இரண்டு பேருக்கும் விசா வேலையை ஆரம்பித்திருக்கிறேன். அவர்களைக் கூட்டிவர ஜூலையில் லீவு வேண்டும் என்று வார்டில் கேட்டிருக்கிறேன். ஆள் பற்றாக்குறை, பார்க்கலாம் என்றார்கள். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.