சின்ன மூஞ்சி நோட்டு

மசித்த உருளைக்கிழங்கில் மாவைப் போட்டுப் பிசைந்து, கயிறாகத் திரித்து, துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றையும் முள்கரண்டியின் முதுகில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள் டெல்மா. இருபத்தொன்பதாம் தேதி. ரொசாரியோ ஊரில் மாதாமாதம் அன்றைக்கு வீட்டுக்கு வீடு இந்த ஞோக்கிதான். தட்டுக்கு அடியில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டால் வருகிற மாதம் கையில் காசு தங்கும் என்பார்கள்.

டெல்மாவின் கையில் காசு தங்கியதற்குத் தட்டு காரணமில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருஷமாக அண்டா கிளறுகிறவள் அவள். சம்பளம் வந்த அன்றே, வீட்டுக்குப் பஸ் ஏறுவதற்கு முன்னால், முடிந்த அளவு டாலராக மாற்றிவிடுவாள். உள்ளூர்ப் பணமான பேசோவை வீட்டில் வைப்பதும் வெண்ணெயை வெயிலில் வைப்பதும் ஒன்று. அந்த மாதம் இறைச்சி குறைந்தால் குறையட்டும். புருஷன் விட்டுப் போன வருஷம்கூட அந்தப் பழக்கத்தை அவள் விடவில்லை.

அதிலும் பெரிய மூஞ்சி நோட்டுதான் வாங்குவாள். பழைய நூறு டாலரில் கிழவர் முகம் சின்னதாக இருக்கும், புதியதில் பெரிதாக. அச்சடித்த நாட்டில் இரண்டும் ஒன்றுதான். இங்கேயோ சின்ன மூஞ்சியை நீட்டினால் கடைக்காரன் உதட்டைப் பிதுக்கி, நூறைத் தொண்ணூறாக்கிவிடுவான். யார் போட்ட சட்டமோ, அவன் நாசமாய்ப் போக! "மலிவா வருது, எடுத்துக்கோங்க" என்று பணம் மாற்றுகிறவன் ஆசை காட்டுவான். "வாங்கும்போது மலிவுன்னா விக்கும்போதும் மலிவுதான்" என்று அவள் நகர்ந்துவிடுவாள்.

இப்படிச் சேர்த்த நோட்டுகளில் ஆறை, டாக்சி எஞ்சின் செத்துவிட்டது என்று கண்ணைக் கசக்கிய தம்பி ஃபாபியானுக்குக் கொடுத்திருந்தாள். பின்கட்டு அறைக்கு நாலு சுவரும் எழும்பி நிற்கிறது, கூரை இல்லை. மகள் யனினா கைக்குழந்தையோடு சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் படுக்கிறாள். கூரை உத்திரத்துக்குச் சரியாக அறுநூறு டாலர். திங்கட்கிழமை காலை வரைதான் இந்த விலை என்று கட்டடச் சாமான் கடைக்காரர் சொல்லிவிட்டார். இன்றைக்கு ஞாயிறு.

மத்தியானம் ஃபாபியான் மனைவி நொயெமியோடு வந்தான். எல்லார் கன்னத்திலும் முத்தம் வைத்தான், சாவியை மேஜையில் வீசினான். டெல்மா உட்கார்ந்ததும் மடித்த நோட்டுகளை அவள் தட்டுக்கு அடியில் சொருகினான்.

"ஆறு இருக்கு, அக்கா! எல்லாரும் பாத்துக்கோங்க, ஃபாபியான் கடனை அடைச்சுட்டான்!"

டெல்மா தட்டைத் தூக்கப் போனாள்.

"சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள எடுத்தா ராசி போயிடும்க்கா. இதுகூடத் தெரியாதா?"

அதுவும் வழக்கம்தான். அவள் கையை எடுத்துக்கொண்டாள். அவன் இரண்டு தடவை போட்டுத் தின்றான். நொயெமி ஏனோ தட்டை அளைந்துகொண்டிருந்தாள்.

கடைசி வாய் இறங்கியதும் டெல்மா நோட்டை விரித்தாள். ஆறு சின்ன மூஞ்சிகள்.

"டேய், என்னடா இது?"

"நூறு டாலர். படிக்கத் தெரியாதா?"

"நான் கொடுத்தது பெரிய மூஞ்சி."

"கிழவன் மூஞ்சி எப்படி இருந்தா என்னக்கா? அவனைக் கல்யாணமா பண்ணிக்கப் போறே?"

"கூரை போடப் போறேன்டா. நாளைக்குச் சாமான் கடைக்காரர் இதை ஐந்நூத்தி நாப்பதாத்தான் எடுப்பார். மிச்ச அறுபதுக்கு எங்கே போக? பிள்ளைக்காரி தரையில கிடக்கிறா."

"அறுபது டாலருக்காகத் தம்பி மானத்தை வாங்குறியே. குடும்பத்துக்குள்ள கணக்குப் பாக்கலாமா?"

"கணக்குப் பாத்தது நீ மாமா. அம்மா பாக்காமத்தான் கொடுத்தாங்க" என்றாள் யனினா, குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டே.

"எனக்குக் கிடைச்சது இதுதான்! நான் என்ன பண்ண?"

நொயெமி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பொய் அண்ணி. பணம் மாத்துறவன்கிட்ட ரெண்டு மாதிரியும் இருந்துச்சு. நான் பக்கத்துலதான் நின்னேன். சின்னது மலிவுன்னு இவரே கேட்டு வாங்கினாரு. மிஞ்சின காசுல வண்டிக்குப் பாட்டுப்பெட்டி மாட்டியாச்சு."

டெல்மாவுக்குக் காது மடல் சுட்டது. ராசியாம், வழக்கமாம்! தன் வீட்டுத் தட்டையே மூடியாக்கித் தன்னை ஏமாற்றினானே! அவள் எழுந்து மேஜையில் கிடந்த டாக்சி சாவியை எடுத்து ஏப்ரனுக்குள் போட்டுக்கொண்டாள். நோட்டுகளை அவன் பக்கம் தள்ளினாள்.

"காலையில கடை திறக்குறப்போ பெரிய மூஞ்சியா ஆறு கொண்டு வா. சாவி அப்புறம்."

"வண்டி இல்லாம எப்படிக்கா போவேன்? ஞாயித்துக்கிழமை எவன் மாத்துவான்?"

"கொடுத்தவன் வீடு தெரியுமில்ல? கதவைத் தட்டு. பஸ் ஓடுது."

அவன் நோட்டுகளை அள்ளிக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினான். "எல்லாம் உன்னாலதான். நீ யாரு பக்கம்டி?"

நொயெமி எழுந்து, எச்சில் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.