நாய் விழுங்கியதும் நான் விழுங்க மறுத்ததும்

மாட்டு டாக்டர் நாய்க்கு வைத்தியம் பார்க்கக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் தென்காசியில் அப்படி ஒரு சட்டம் இருப்பதாகவே நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எல்லோரும் நம்பினார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி அது. ஆஸ்பத்திரி என்றால் ஓர் ஓட்டுக் கட்டடம், மாட்டைப் படுக்கவைக்க மணல்தரை, நான், கம்பவுண்டர் யோசேப்பு. அவ்வளவுதான். உங்களில் பலரும் நாய் வளர்த்திருப்பீர்கள். அது எதையோ லபக்கென்று விழுங்குவதைப் பார்த்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். விழுங்கிய நாயைச் சமாளித்துவிடலாம். கூட வருகிறவர்களை எதிர்த்து நிற்கத்தான் நெஞ்சழுத்தம் வேண்டும்.

வைரக் கம்மல்

வடகரைப் பண்ணையார் ஒருவர் வில்வண்டியில் வந்து இறங்கினார். பின்னாலேயே அவர் மகள், வெள்ளை வேட்டைநாய் ஒன்றைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு. கல்யாணத்துக்குச் செய்த கம்மலில் ஒன்றைக் கழற்றிப் பலகாரத் தட்டில் வைத்திருக்கிறாள். நாய் அதிரசத்தோடு அதையும் சேர்த்து விழுங்கிவிட்டது. “வயித்தக் கீறி எடும் வே. கல்யாணம் நெருங்கிட்டு. இந்த நாய் போனா இன்னொரு நாய்” என்றார் பண்ணையார். மகள் நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

“அண்ணாச்சி, அது முனை இல்லாத சின்னச் சாமான். தானா வந்துரும். நான் கத்திய எடுக்க மாட்டேன்” என்றேன். கலெக்டரிடம் சொல்லி வேலையைப் பறித்துவிடுவதாகக் கத்தினார். “பறிச்சுக்கிடுங்க. நாய் இங்கனதான் இருக்கும்” என்று மருந்து அறையில் விட்டுப் பூட்டினேன். கம்மலைப் பொதிந்து வெளியே தள்ளட்டும் என்று வேகவைத்த சக்கரவள்ளிக்கிழங்கைச் சோற்றில் பிசைந்து வைத்தோம். பண்ணையார் பேதிக்கு விளக்கெண்ணெய் கொடுத்தனுப்பினார். அப்படியே திருப்பி அனுப்பினேன். நாயைத் தூக்கிக்கொண்டு போக ஆட்கள் வந்தார்கள். கதவுக்குக் குறுக்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். தினமும் நாய் கழித்ததைக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்த யோசேப்பு ஒருநாள் காலை “சார்!” என்று கூவினார்.

கம்மலைப் பார்த்ததும் பண்ணையார் மூக்கைப் பொத்திக்கொண்டு, “இத எப்படிம்மா காதுல போடுவ?” என்று கேட்டார். அன்றுதான் அந்தப் பெண் முதன்முதலாக வாய்திறந்தாள்: “கழுவிப் போட்டுக்கிடுவேம்ப்பா. கொன்னு எடுத்திருந்தாத்தான் போட்டிருக்க மாட்டேன்.”

தூண்டில்

மீன் விற்கும் முத்தம்மாளின் செவலை நாய், சிற்றாற்றங்கரையில் யாரோ விட்டுப்போன தூண்டிலை இரையோடு விழுங்கியிருந்தது. வாயிலிருந்து கயிறு தொங்கியது. பின்னால் சந்தைக் கூட்டம் பாதி வந்திருந்தது. கூட்டத்தை விலக்க வந்த போலீஸ் ஏட்டு, விலக்குவதை விட்டுவிட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். “இழுத்தா வந்துரும்லா?” நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். “சர்க்கார் ஆள் மேலயே கை வைக்கீரா?” என்றார். “நானும் சர்க்கார் ஆள்தான், தள்ளும்” என்றேன்.

கொக்கி மாட்டியிருக்கும்போது இழுத்தால் தொண்டை கிழியும். யோசேப்பு குளோரோபாரம் காட்டி நாயை மயங்கவைத்தார். கயிற்றை ஒரு கெட்டியான ரப்பர் குழாய்க்குள் கோத்து, குழாயை மெல்ல உள்ளே இறக்கினேன். அது கொக்கியில் முட்டியதும் ஓர் அழுத்து. கொக்கி சதையை விட்டது. முனையைக் குழாயோடு அணைத்தபடி வெளியே எடுத்தேன். இதற்குள் என் சட்டை வேர்வையில் ஊறிவிட்டது. செவலை கண் திறக்கிறவரை முத்தம்மாள் மூச்சுவிட்டாளா என்று தெரியாது. ஏட்டு மட்டும், “ஒரே இழுப்புல முடியறதுக்கு இவ்வளவு கூத்தா?” என்று முனகினார்.

முத்தம்மாள் திரும்பினாள். “ஏட்டையா, ஒம்ம தொண்டையில கொக்கி மாட்டட்டும், நான் ஒரே இழுப்புல எடுத்துத் தாரேன்!”

துரைசானியின் மேஜை

குற்றாலத்தில் சீசன். பங்களாவில் தங்கியிருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவரின் நாய் தின்றதையெல்லாம் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தது. துரை என்னை மேலும் கீழும் பார்த்து, “மாட்டு டாக்டரையா கூட்டிவந்தாய்?” என்று பட்லரிடம் சீறினார். வயிற்றைத் தடவிப் பார்த்தேன். கல்லுமாதிரி ஏதோ கையில் தட்டுப்பட்டது. உடனே அறுக்க வேண்டும் என்றேன். மதராஸிலிருந்து வெள்ளைக்கார டாக்டரை வரவழைக்கப் போவதாகச் சொன்னார். “அவர் ரயிலிறங்கி வரும்போது புதைக்கத்தான் ஆள் வேண்டும்” என்றேன். “நாய் செத்தால் உன் வேலை போகும்.” “சரி. பிழைத்தால் மன்னிப்புக் கேட்பீர்களா?” துரைக்கு முகம் சிவந்தது. அவர் மனைவி, துரைசானிதான், சாப்பாட்டு மேஜையிலிருந்த தட்டுகளை எடுக்க ஆரம்பித்தாள்.

சாரல் ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. துரையையே விளக்கைப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தார். குடலை அடைத்துக்கொண்டிருந்தது ஒரு மாங்கொட்டை. நாய் பிழைத்தது. துரை மன்னிப்புக் கேட்கவில்லை. என்னைப் பார்க்கும்போது தொப்பியை மட்டும் லேசாகத் தூக்குவார். மாம்பழம் போட்டது யார் என்று துரை வேலைக்காரர்களை விசாரித்தபோது, பட்லர் என் காதருகில் வந்து சொன்னார்: “துரைதான் சார் போட்டாரு. நாய் பிழைச்சிட்டுல்லா, நானும் பிழைச்சிக்கிடுதேன், வெளிய சொல்லிராதீக.”

ஊசி

எல்லாம் ஜெயமில்லை. சுரண்டைத் தையல்காரர் ஒருவர், தனிக்கட்டை, தம் குட்டி நாயைத் துண்டில் சுற்றித் தூக்கிவந்தார். அது நூல் கோத்த ஊசியை விழுங்கியிருக்கிறது. வாயில் நூல் தெரிந்ததும் அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு தடவை இழுத்திருக்கிறார்கள். நாலைந்து நாள் கழித்து என் மேஜைக்கு வந்தபோது உள்ளே சீழ் பிடித்திருந்தது. எவ்வளவோ பார்த்தேன். மத்தியானம் உயிர் போய்விட்டது. தையல்காரர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, “இழுக்கக் கூடாதுன்னு ஒருத்தரும் சொல்லலியே ஐயா” என்றார்.

அன்றைக்கே ஆஸ்பத்திரி வாசலில் பெரிய எழுத்தில் ஒரு போர்டு மாட்டினேன்: ‘நூலோ கயிறோ தொங்கினால் இழுக்காதே. கூரான சாமான் என்றால் வாந்தி வரவைக்காதே. உடனே இங்கே கொண்டு வா.’ இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த மேலதிகாரி, இது மாட்டாஸ்பத்திரி, நாய்க்குப் போர்டு எதற்கு, கழற்று என்றார். மாட்டேன் என்றேன். ஊருக்குப் போய் எழுத்தில் உத்தரவு அனுப்பினார். யோசேப்பு அதை இரண்டு தரம் படித்தார். பிறகு நாற்காலியைப் போட்டு ஏறி, போர்டுக்கு இன்னும் இரண்டு ஆணி அடித்துவிட்டு இறங்கினார்: “கழட்டத்தான் சார் பாக்கேன், வரமாட்டேங்குதுன்னு பதில் எழுதிருங்க.”

இத்தனை வருஷ அனுபவத்தில் நான் கண்டது, நாய் விழுங்கியதை அநேகமாக வெளியே எடுத்துவிடலாம், சுற்றி நிற்பவர்களின் யோசனையைத்தான் திரும்ப உள்ளே தள்ள முடியாது.