கத்தரி பட்ட கொடி

எங்கள் குடியிருப்பில் எல்லாரும் என் அண்ணியைக் கத்தரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்தவன் நான்தான் என்று ஒரு பேச்சு உண்டு. இல்லை என்று சத்தியம் செய்யமாட்டேன். கட்டடத்தைச் சுற்றியுள்ள தோட்டம் முழுக்க அவள் பொறுப்பு. வீட்டில் பிள்ளைகளின் முடி கண்ணில் விழுந்தால்கூட அவள் கை இடுப்பில் கத்தரியைத் தேடும்.

வெயில் ஏறினால் செடிகளின் காலடியில் சருகைப் பரப்பி மூட வேண்டும். மழைக்கு முன்னால் வாய்க்காலைத் தூர் எடுக்க வேண்டும். மழையில் நட்டு, மழை நின்றதும் களை பறித்து, குளிரில் ரோஜாவுக்கு உரம் வைத்துவிட்டால் கொஞ்ச நாள் கைக்கு ஓய்வு. அப்போதுதான் மண்வெட்டி, அரிவாள், கத்தரி எல்லாவற்றையும் சாணை பிடித்து எண்ணெய் போட்டு வைப்பாள். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

சாணையிலிருந்து வந்த கத்தரியை முதலில் ஒரு காய்ந்த குச்சியில் சோதித்தாள். வெண்ணெயை வெட்டுவதுபோல் வெட்டியது. கை சும்மா இருக்கவில்லை. ஏணியைப் போட்டு, முதல் மாடி ஜன்னல்வரை படர்ந்திருந்த ஊதாப் பூக்கொடியை எட்ட ஏறினாள். ஒரு கிளை, அதற்குச் சமமாக இன்னொன்று, அப்புறம் அந்தப் பக்கம் கோணலாகத் தெரிந்ததால் அதுவும். இறங்கிப் பார்த்தபோது கொடி எலும்பும் தோலுமாக நின்றது. கிளைகளைக் கூட்டும்போதுதான் கணுக்களில் அரிசி அரிசியாக மொட்டு இருந்ததைக் கண்டாள். அந்தக் கொடி பூத்து முடித்த கையோடு அதை வெட்ட வேண்டும். மொட்டு பிடித்த பிறகு கத்தரி படவே கூடாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அண்ணி அதைச் சொல்வாள். ஒரு வருஷத்துப் பூ முழுவதையும் சாக்கில் அள்ளிக்கொண்டு போய் குப்பைக்குழியில் போட்டு மூடினாள்.

அந்த ஜன்னல் முதல் மாடியில் குடியிருந்த டெய்லருடையது. அவர் கடையை மூடிவிட்டு மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டெய்லரம்மா ஜன்னலோரக் கட்டிலில் படுத்த படுக்கை. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். “இன்னொரு தடவை இது பூக்கிறதைப் பார்த்துட்டா போதும்” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பருவம் வந்தது, பூ வரவில்லை. பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீரை வீணாக்க மனசில்லாமல் கொடிக்கு ஊற்றுவது டெய்லரின் வழக்கம். பழி அந்த வாளியின் மேல் விழுந்தது.

“ஊத்தாதீங்க ஊத்தாதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டீங்களா? கொடியைக் கொன்னுட்டீங்க.” டெய்லரம்மா மேலேயிருந்து வறுத்தெடுப்பாள். கீழே மனிதர் காலி வாளியோடு தலையைத் தொங்கப்போட்டு நிற்பார்.

“ஏம்மா, சோப்புத் தண்ணிதான் காரணமா இருக்குமா?” என்று ஒருநாள் அண்ணியிடம் கேட்டார்.

“இருக்கலாம் ஐயா” என்றாள் அண்ணி.

அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. என்னிடம்தான் சொன்னாள்.

“வெட்டினது ஒரு தப்பு, தம்பி. அதை அந்த மனுஷன் தலையில கட்டினேன் பாரு, அதுதான் என்னைத் தின்னுது.”

“போய்ச் சொல்லிடுங்க அண்ணி.”

“சொன்னா பூ வந்துடுமா?”

“வராது. அவர் திட்டு வாங்குறதாவது நிக்கும்ல.”

டெய்லர் மருந்துக் கடைக்குப் போன நேரம் பார்த்து மாடி ஏறினாள். திட்டுகிறவளிடமே சொல்லிவிடுவது என்று முடிவு. கட்டிலருகே நின்று பாதி சொல்வதற்குள் டெய்லரம்மா கையை உயர்த்தினாள்.

“தெரியும். நீ வெட்டினப்போ நான் இங்கதானே படுத்திருந்தேன். பார்க்கிறதைத் தவிர எனக்கு வேற என்ன வேலை?”

“அப்புறம் ஏம்மா ஐயாவைத் திட்டுறீங்க?”

“திட்டலேன்னா என் முகத்தையே பார்த்து அழுதுக்கிட்டு உக்காந்திருப்பார். திட்டினா, இவளுக்கு இன்னும் தெம்பு இருக்குன்னு நம்பி ஒரு வாய் சாப்பிடுறார். நீ சொல்லிக் கெடுத்துடாதே.”

மன்னிப்புக் கேட்கப் போனவள் வாய்ப்பூட்டோடு திரும்பினாள். ‘பரவாயில்லை’ என்ற ஒரு வார்த்தையை டெய்லரம்மா கடைசிவரை சொல்லவில்லை. அண்ணி அதையும் கவனித்திருந்தாள்.

மழை விடுவதற்குள் டெய்லரம்மா போய்விட்டாள். அந்தக் குளிரில் அண்ணி கத்தரியைச் சாணைக்குக் கொடுக்கவே இல்லை. ஆணியில் மாட்டியது மாட்டியபடியே கிடந்தது. வெயில் வந்ததும் கொடி கொஞ்சமும் ஈவிரக்கமில்லாமல் பூத்தது. ஜன்னலே தெரியாத அளவுக்கு ஊதா.

டெய்லர் கீழே வந்து நின்றார். வாளி இல்லை.

“பார்த்தியாம்மா, நான் ஊத்தாம இருந்ததும் பூத்துடுச்சு. அவ கடைசியா ஆசைப்பட்டது இது ஒண்ணுதான். அதையும் நானே கெடுத்தேன்.”

அதற்கு மேல் அண்ணியால் பூட்டை வைத்திருக்க முடியவில்லை.

“சோப்புத் தண்ணி இல்லை ஐயா. நான்தான் மொட்டோட வெட்டினேன். நீங்க கேட்டப்போ பொய் சொன்னேன். அம்மாவுக்கு எல்லாம் தெரியும்.”

“அவளுக்குத் தெரியுமா?”

“பார்த்துக்கிட்டே இருந்தாங்களாம்.”

“தெரிஞ்சுக்கிட்டேவா என்னை அந்தப் பாடு படுத்தினா?”

“திட்டினாத்தான் நீங்க சாப்பிடுறீங்கன்னு சொன்னாங்க.”

டெய்லர் அங்கேயே கல்லின்மேல் உட்கார்ந்து சிரித்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாக இல்லை. எழுந்து போகும்போது அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “அவ இருக்கும்போதே சொல்லியிருக்கலாம்மா. நானும் பதிலுக்கு ரெண்டு வார்த்தை திட்டியிருப்பேன்.”

பூ உதிர்ந்ததும் வெட்டும் பருவம் வந்தது. மாடி ஏறி, கதவைத் தட்டி, “வெட்டட்டுமா ஐயா?” என்று கேட்டுவிட்டுத்தான் அண்ணி கத்தரியை எடுத்தாள். இன்றைக்கும் வருஷாவருஷம் போய்க் கேட்கிறாள். அவரும் கோபமில்லாமல், “மொட்டு இருக்கான்னு பார்த்து வெட்டும்மா” என்கிறார்.

அப்படிக் கேட்கப் போகிற அன்றைக்கு மட்டும் நான் அவளைக் கத்தரியம்மா என்று கூப்பிடுவதில்லை.